எப்ப கடைசியா மருந்தடிச்சீங்க?

மதுரை அண்ணாநகர் உழவர் சந்தைக்குக் காலை ஐந்தரைக்குள் போய்விட வேண்டும். ஏழு மணிக்குப் போனால் மற்றவர்கள் புரட்டிப் போட்ட கத்தரிக்காய்தான் மிஞ்சும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது மதுரையில்தான். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி தன் நிலத்தில் விளைந்ததைத் தானே உட்கார்ந்து விற்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மாசி மாதக் காலையில், அங்கே கீரைக்கட்டுகளோடு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் கேட்டேன்.

"ஆத்தா, இது ஆர்கானிக் கீரையா?"

"அப்படின்னா?"

"மருந்தடிக்காத கீரையான்னு கேக்குறேன்."

"பூச்சி விழுந்தா அடிக்கத்தான் செய்வோம் தாயி. விழலேன்னா எதுக்கு அடிக்கப் போறோம்? மருந்து என்ன சும்மாவா குடுக்குறான்?"

"இந்தக் கட்டுக்கு?"

"இதுக்கு அடிக்கல. வெயில் வந்திருச்சு, புழு இல்ல. அடைமழைக்குள்ள வந்தியன்னா நானே வேணாம்பேன். அப்ப முருங்கைக்கீரை வாங்கிக்க."

கட்டு 15 ரூபாய். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு இயற்கை அங்காடியில், அழகான காகிதப் பையில் போட்ட சிறுகீரையை 45 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். எங்கிருந்து வந்தது என்று கடைப் பையனைக் கேட்டதற்கு, "ஆர்கானிக்தான் மேடம், போர்டைப் பாருங்க" என்றான். ஆத்தாவிடம் போர்டு இல்லை. ஆனால் தன் கீரையைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த மாதம் வாங்கலாம், எந்த மாதம் கூடாது என்பதுவரை தெரிந்திருந்தது. அன்றிலிருந்து சந்தையில் நான் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். 'இது ஆர்கானிக்கா' என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடும். "எப்ப கடைசியா மருந்தடிச்சீங்க?" என்று கேட்டால் விவசாயி யோசிக்கிறார், நாள் கணக்குப் போடுகிறார், பல நேரம் உண்மையைச் சொல்லிவிடுகிறார்.

அந்த நாள் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும், அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி ஒன்று உண்டு. அந்த இடைவெளி விட்டுப் பறித்தால் எச்சம் குறையும். ஆனால் கத்தரியும் வெண்டையும் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய பயிர்கள். காத்திருந்தால் காய் முற்றிவிடும், விலை போகாது. சட்டம் காத்திருக்கச் சொல்கிறது, சந்தை காத்திருக்க விடுவதில்லை. விவசாயி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு இயற்கை உணவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

மருந்துகளிலும் இரண்டு வகை. இலையின் மேலும் காயின் மேலும் படிந்து நிற்பவை ஒன்று, சாற்றோடு கலந்து செடிக்குள்ளேயே ஊடுருவிவிடுபவை மற்றொன்று. முதல் வகையை ஓடும் நீரில் பொறுமையாகக் கழுவிக் கணிசமாகக் குறைக்கலாம். இரண்டாம் வகையிடம் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் எதுவும் செல்லாது. மோனோகுரோட்டோபாஸ் அப்படி ஊடுருவும் வகையைச் சேர்ந்தது. காய்கறிப் பயிர்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நடுவண் அரசு 2005இலேயே தடை போட்டது. பத்து வருடம் கழித்து, 2015இல், தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் நச்சு எச்சம் கூடுதலாக இருப்பதாகக் கேரளம் புகார் கிளப்பியது. அந்தச் சர்ச்சையின் அரசியல் ஒருபக்கம் இருக்கட்டும். கேரளத்துக்கு லாரி ஏறும் காயும் மதுரை மார்க்கெட்டில் என் கூடையில் விழும் காயும் ஒரே வயலில் விளைந்தவை. எனக்குத் தைத்தது அதுதான்.

ஒரே மாதத்தில் மாற்றப் பார்த்தேன்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். கணவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அத்தை, நான். பாலும் கேஸும் போக, மளிகைக்கும் காய்கறிக்கும் மாதம் 11,000 ரூபாய் ஒதுக்குவோம். புத்தி வந்த வேகத்தில், ஒரு சித்திரை மாதம் எல்லாவற்றையும் இயற்கை அங்காடியிலேயே வாங்கினேன். அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், வெல்லம், காய், பழம் என்று ஒன்றையும் விடவில்லை. மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டினால் 19,400 வந்தது. அத்தை கணக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் பழையபடி பலசரக்குக் கடைக்கே திரும்பிவிட்டோம். ஆறு மாதம் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு வீட்டுக்கு நேர்ந்தது ஒரு நாட்டுக்கும் நேர்ந்திருக்கிறது. இலங்கையில் 2021இல் ரசாயன உரங்களின் இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். மண்ணுக்கும் அவகாசம் கொடுக்கவில்லை, உழவர்களுக்கும் கொடுக்கவில்லை. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை அடிபட்டது, அந்த வருடம் முடிவதற்குள்ளேயே தடையைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. இயற்கை விவசாயம் தோற்றுவிட்டது என்று சொல்ல அதை இன்றும் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது அவசரத்தின் தோல்விதான்.

ஆறு மாதம் கழித்து நாங்கள் வேறு விதமாக யோசித்தோம். எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்றால் எதை முதலில் மாற்றுவது? அத்தைதான் வழி சொன்னார். "நெதம் எது வயித்துக்குள்ள போகுதோ அதுல ஆரம்பி. வருசத்துக்கு ரெண்டு வாட்டி திங்கிற காலிஃப்ளவர எண்ணி ஏன் கவலப்படுற?"

தினமும் போவது அரிசி. நாள் விட்டு நாள் போவது கீரை. தாளிக்கக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் இல்லாத குழம்பு கிடையாது. கீரை, கறிவேப்பிலை, மல்லி மூன்றையும் தோல் சீவ முடியாது. இலையை இலையாகவே தின்கிறோம். மூன்றையும் பத்துக்குப் பத்து மாடியில் வளர்க்கலாம். ஆக, வரிசை தானாக அமைந்துவிட்டது.

மாடியில் பதினான்கு வாளிகள்

நாங்கள் இருப்பது வாடகை வீடு. மாடியில் செடி வைக்கலாமா என்று கேட்டபோது வீட்டுக்காரர் தயங்கியதில் நியாயம் இருந்தது. ஈரமண் நிறைந்த இருபது லிட்டர் வாளி ஒன்று 25 கிலோவைத் தாண்டும். தண்ணீர் தேங்கினால் தளம் ஓதம் காத்துவிடும். நடுமாடியை விட்டுவிட்டுச் சுவர் ஓரமாக மட்டும், ஒவ்வொரு வாளியையும் மூன்று செங்கல் மேல் தூக்கி வைப்பதாக ஒப்புக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு கட்டு அரைக்கீரை அவர் வீட்டுக்குப் போகிறது.

பெயின்ட் வாளிகள் அக்கம்பக்கத்தில் சும்மா கிடைத்தன. மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வரும் தெர்மோகோல் பெட்டிகளை ஒன்று 30 ரூபாய்க்கு வாங்கினேன். ஆழம் குறைவு, பரப்பு அதிகம் என்பதால் கீரைக்கு அதைவிட நல்ல பாத்திரம் இல்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டக் கிட் கிடைத்தால் பையும் விதையும் சேர்ந்தே வந்துவிடும். அது வருகிற நாளை விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் முயற்சி கருகியது. தென்னைநார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்து, அப்படியே மண்ணோடு கலந்துவிட்டேன். முளைத்த கீரையெல்லாம் இலை ஓரம் காய்ந்து சுருண்டது. அந்தக் கட்டியில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றி வடித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது பிறகே தெரிந்தது. இப்போது என் கலவை இதுதான்: செம்மண் ஒரு பங்கு, அலசிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. சமையல் கழிவைச் சருகோடு அடுக்கி ஒரு பழைய மண்பானையில் போட்டு மூடிவைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் அதுவும் உரமாகிவிடுகிறது. குப்பை வண்டிக்குப் போகும் எங்கள் பை பாதியாகிவிட்டது.

சிறுகீரை விதை கடுகைவிடப் பொடி. ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து தூவினால்தான் ஒரே இடத்தில் குவியாது. 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் மாதக்கணக்கில் துளிர்க்கும். பொன்னாங்கண்ணிக்கு விதையே வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை ஊன்றினால் போதும். புதினாவும் அப்படித்தான். கொத்தமல்லிக்கு அஞ்சறைப்பெட்டி மல்லியையே இரண்டாக உடைத்துப் போடலாம். வெந்தயமும் அதே பெட்டியில் இருக்கிறது. கொடிப்பசலை ஒன்றை மாடிப்படிக் கம்பியில் ஏற்றிவிட்டால் பறித்து மாளாது. மணத்தக்காளியைக் காக்கை கொண்டுவந்து போட்டது, தானாக முளைத்தது.

ஆடிப்பட்டத்தில் வெண்டை பத்துச் செடி, கத்தரி நாலு, மிளகாய் மூன்று வைப்போம். வெங்காயம், உருளைக்கிழங்கு பக்கம் போவதில்லை. அவை அடைக்கும் இடத்துக்கும் கொடுக்கும் விளைச்சலுக்கும் கட்டுபடியாகாது. மாடியில் வாளி ஒவ்வொன்றும் தன் இடத்துக்கான வாடகையைக் கொடுக்க வேண்டும். அதிகம் கொடுப்பவை கீரையும் கறிவேப்பிலையும் மிளகாயும்தான். கேரட்டை நினைத்து ஆசைப்பட்டு ஒரு பருவத்தை வீணாக்கியதில் கற்றுக்கொண்டது இது.

பூச்சி வரும். வெண்டையில் மாவுப்பூச்சி அப்பும்போது மனம் உடைந்துபோகும். தண்ணீரைப் பீய்ச்சியடித்து முதலில் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய வைக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலைக்கு அடியிலும் படும்படி தெளிப்பேன். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் மூன்றையும் அரைத்து வடித்த கரைசல் புழுவுக்கு. வளர்ச்சிக்கு, கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். நகரத்தில் சாணத்துக்கும் கோமியத்துக்கும் எங்கே போவது என்பவர்களுக்கு மீன் அமிலம் கைகொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் கழிவும் அதே எடை வெல்லமும் போட்டு மூடிவைத்தால் இருபது நாள் கடந்து தேன்போலத் திரவம் ஊறும். லிட்டருக்கு ஐந்து மில்லி போதும்.

இந்தத் தோட்டம் முதல் வருடம் காசு மிச்சம் பிடிக்கவில்லை. மண்ணுக்கும் பெட்டிக்கும் உரத்துக்கும் போட்ட 3,200 ரூபாய் திரும்பி வர பதினான்கு மாதம் ஆனது. காலையில் அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றவும் பூச்சி பார்க்கவும் வேண்டும். சித்திரை, வைகாசியில் மதுரையில் குடிக்கவே தண்ணீருக்கு நிற்கும்போது, அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் வைத்து உயிர் காப்பாற்றுவதே பெரிய காரியம். ஆனால் அடைமழை நாட்களில், சந்தைக் கீரையை ஆத்தாவே வேண்டாம் என்று சொல்லும் அந்த இரண்டு மாதமும், எங்கள் வீட்டில் கீரை நின்றதில்லை.

அரிசி வரும் வழி

ஐந்து பேருக்கு மாதம் 25 கிலோ பொன்னி வாங்கிக்கொண்டிருந்தோம். கிலோ 60 ரூபாய், மொத்தம் 1,500. பாரம்பரிய ரகத்தை அங்காடியில் கேட்டால் 130, 140 என்றார்கள். அந்த விலையில் எங்களால் முடியாது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் நேரடியாக அனுப்புவதாக அலுவலகத் தோழி ஒருவர் சொன்னார். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும், எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். பார்சல் சர்வீஸ் கூலியையும் சேர்த்தே கிலோ 95 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. தவிடு நீக்காத அரிசி என்பதால் சோறு குறைவாகத்தான் இறங்குகிறது. பிள்ளைகள் ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். சிவப்பரிசிக்கு முதலில் பழகவில்லை, வெள்ளையாக இருக்கும் தூயமல்லியில் தொடங்கியபின் பழகிக்கொண்டார்கள். இப்போது மாதம் 18 கிலோ போதுகிறது. 1,710 ரூபாய். இட்லி மாவுக்கு ரேஷன் புழுங்கலரிசியை நாங்கள் இன்னும் விடவில்லை, விடவும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

சாக்கில் வண்டு விழாமலிருக்க வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு வைக்கிறோம். புரட்டாசிக்கு மேல் கொஞ்சம் விழத்தான் செய்யும். வெயிலில் காயவைத்துப் புடைத்துக்கொள்கிறோம். ரசாயனப் புகை போடாத அரிசிக்கு அது இயல்பு.

அந்த விவசாயியிடம் ஒருமுறை, பொன்னியைவிட ஏன் இவ்வளவு விலை என்று நேராகவே கேட்டேன். அவர் வருத்தப்படவில்லை. "மாப்பிள்ளைச் சம்பா நூத்தறுபது நாளு வயல்ல நிக்கிதும்மா. குட்டை ரகம் நூத்திப்பத்து நாளுல வீட்டுக்கு வந்துடும். இது ஆளு உசரம் வளரும், காத்தடிச்சா சாஞ்சுடும். மூட்டையும் கொறச்சல்தான் வரும். எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாருங்க" என்றார். இயற்கை முறைக்கு மாறிய முதல் இரண்டு வருடம் அவருக்கு இன்னும் கடினமாக இருந்திருக்கிறது. சான்றிதழ் விதிகளின்படி பருவப் பயிருக்கு இரண்டு வருடம், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடம் மாற்றக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் மகசூல் இறங்கும், ஆனால் இயற்கை விளைச்சல் என்ற பெயரில் விற்க முடியாது. மாறப் பார்க்கும் விவசாயிகள் பலர் இந்த இரண்டு வருடத்தில்தான் கைவிட்டு விடுகிறார்கள். பட்ஜெட்டுக்குள் வாங்க நினைக்கும் குடும்பங்கள் தேட வேண்டியது இந்த மாற்றக் காலத்தில் இருப்பவர்களைத்தான். முழுச் சான்றிதழ் பெற்றவரைவிட இவர்களிடம் விலை குறைவு. நாம் வாங்கும் ஒரு மூட்டை அவர்களுக்குப் பெரிய ஊன்றுகோல்.

இந்த ரகங்கள் இன்று நம் கைக்குக் கிடைப்பதே தற்செயல் இல்லை. வேளாண் ஆராய்ச்சி வேலையை உதறிவிட்டு ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார், அவர் தூண்டுதலில் விதை தேடி அலைந்த நெல் ஜெயராமன், இருவரும் செய்த வேலை அது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் ஜெயராமன் ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுப்பார். அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் வேண்டாம், விதைக்கு விதை. அந்தக் கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் மறுபடி வயலேறின. நம்மாழ்வார் 2013 டிசம்பரிலும் ஜெயராமன் 2018 டிசம்பரிலும் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுப் பானையில் தூயமல்லி கொதிக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்றுதான் நினைக்கிறேன்.

பெயரில் ஏமாற வேண்டாம்

'மரச்செக்கு', 'நாட்டு', 'இயற்கை', 'பாரம்பரியம்' எல்லாம் கடைப் பலகையில் ஒரே பொருளில் புழங்குகின்றன. அவை ஒன்றல்ல. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய் என்றால் ஆட்டிய விதம் மட்டும்தான் தெரிகிறது. உள்ளே போன கடலை எப்படி விளைந்தது என்று அது சொல்லாது. விலையைச் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள். செக்கு எண்ணெய் அதைவிட மிகக் குறைவாக விற்றால் அதில் வேறேதோ கலந்திருக்கலாம். நாங்கள் உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கடலையை மூட்டையாக வாங்கி, காயவைத்து, செக்கில் கொடுத்து ஆட்டிக்கொள்கிறோம். புண்ணாக்கையும் வாங்கி வந்துவிடுவேன். ஊறவைத்த புண்ணாக்குத் தண்ணீர் மாடிச் செடிகளுக்கு.

வெல்லத்தின் பளிச்சென்ற மஞ்சளை நாம் விரும்பிக் கேட்கிறோம். அதனால்தான் காய்ச்சும்போது ஹைட்ரோஸ் போடுகிறார்கள். கருத்த வெல்லத்துக்கு நாம் சம்மதித்துவிட்டால் அதைப் போட வேண்டிய காரணமே இல்லாமல் போய்விடும். பூச்சி கடித்த ஓட்டை இருந்தால் இயற்கைக் காய் என்று நம்புவதும் தவறு. ஓட்டை விழுந்த பிறகுதான் பல வயல்களில் மருந்தே அடிக்கிறார்கள்.

பொட்டலத்தில் வாங்கும்போது பார்க்க வேண்டியது முத்திரை. இயற்கை உணவுக்கான விதிகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் கொண்டுவந்தது. 'ஜைவிக் பாரத்' முத்திரை அந்த விதிகளோடு வந்தது. தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் அல்லது பி.ஜி.எஸ். இந்தியா சான்று இருக்க வேண்டும். பி.ஜி.எஸ். என்பது விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதித்துச் சான்று தரும் முறை, செலவு குறைவு. கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு அரசின் சான்றளிப்புத் துறையும் வயலைப் பார்த்துச் சான்று தருகிறது. சிறு விவசாயி தன் விளைச்சலைத் தானே நேரடியாக நம்மிடம் விற்றால் சான்று கட்டாயமில்லை. அந்த இடத்தில் முத்திரைக்குப் பதில் நம் கண்ணும் வாயும்தான் வேலை செய்ய வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது அந்த வயலுக்குப் போய்வர வேண்டும்.

சில பயிர்களுக்கு மருந்தே அதிகம் தேவைப்படுவதில்லை. வீட்டு பட்ஜெட்டுக்குப் பெரிய துணை இவைதான். பேரையூர் வட்டாரத்தில் மானாவாரியாக விளையும் குதிரைவாலி, மலைகளில் விளையும் சாமை, வேலியோரத்து முருங்கை, சுண்டைக்காய், பிரண்டை, சேனை, கருணை, சீனிக்கிழங்கு. இவற்றைச் சாதாரணச் சந்தையில் சாதாரண விலைக்கே வாங்குகிறோம். மறுபக்கம் காய்த்துளைப்பானுக்கு ஓயாமல் மருந்து வாங்கும் கத்தரி, அந்துப்பூச்சியோடு போராடும் முட்டைகோஸ், காலிஃப்ளவர், பூஞ்சண மருந்தில் குளிக்கும் திராட்சை. கத்தரியை மாடியில் பறிக்கிறோம், போதாததைத் தெரிந்த விவசாயியிடம் மட்டும் வாங்குகிறோம். கோஸ் வகையைக் குறைத்துவிட்டோம். திராட்சைக்குப் பதில் பருவத்துக்குப் பருவம் கொய்யா, நாவல், சீத்தா. பாலும் ஆப்பிளும் பருப்பில் பாதியும் இன்னும் சாதாரணக் கடையில்தான் வாங்குகிறோம். அதற்கு நான் கூசுவதில்லை.

இந்த மாற்றங்களுக்கான பணத்தில் பெரும்பகுதி வேறு எங்கிருந்தோ வரவில்லை. பிஸ்கட், நூடுல்ஸ், சிப்ஸ், குளிர்பானம் என்று மாதம் 1,400 ரூபாய் போய்க்கொண்டிருந்தது நோட்டில் எழுதிய பிறகே கண்ணில் பட்டது. அதைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தோம். மாலையில் அவித்த கடலை, சீனிக்கிழங்கு, குதிரைவாலி அடை. இன்று எங்கள் மாதச் செலவு 12,300 ரூபாய். மூன்று வருட விலையேற்றமும் அதற்குள்தான் அடக்கம்.

போன தை மாதம் திருத்துறைப்பூண்டியிலிருந்து போன் வந்தது. அறுவடை நேரத்தில் மழை. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்துவிட்டது. "அரிசி கொஞ்சம் நெறம் மாறியிருக்கும்மா. நொய்யும் கூட விழும். இந்த வருசம் வேற எடத்துல வாங்கிக்கிறதுன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. நான் போனைக் கையில் மூடிக்கொண்டு அத்தையைப் பார்த்தேன்.

"அனுப்பச் சொல்லு" என்றார் அத்தை. "நொய்யி தனியாக் கட்டி அனுப்பச் சொல்லு. கஞ்சிக்கு ஆகும். வெலயக் கொறைக்க வேண்டாம்னும் சொல்லு."

பழைய விலைக்கே வாங்கினோம். நாலு வீடும்.